நெற்றியில் திருநீறோடு நான் கேட்ட சுவிசேஷம்

எனக்கு வயது எழுபத்தெட்டு. வளர்த்தது ஏழு பிள்ளைகள். பெற்றது ஐந்து; மற்ற இரண்டும் என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஏழுக்கும் ஒரே சட்டியில்தான் சோறு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில் எனக்குப் புத்தி சொன்னவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களில் பாதிப் பேர் ஒரு பூனைக்குட்டியைக்கூட வளர்த்து ஆளாக்கியிருக்க மாட்டார்கள்.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தார் என்னைச் சாட்சி எழுதித் தரச் சொன்னார்கள். ‘கர்த்தர் எனக்குச் செய்த அற்புதம்’ என்று தலைப்பும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். நான் மூன்றாம் வகுப்பு படித்தவள். பெரிய எழுத்து வேதாகமத்தை விரல் வைத்து வாசிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஜெனி எழுதுகிறாள். பள்ளிக்கூடத் தமிழில் திருத்தி எழுது, ஆனால் நான் சொல்லாததைச் சேர்க்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

நோயைக் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் ஆட்டுக்கறி வெட்டும் பாய்தான். நெஞ்சுக்குழிக்குக் கீழே சில நாட்களாக ஒரு வலி இருந்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாய் கறியை வெட்டப் போனவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அம்மா, கண்ணு ஏன் இப்படி மஞ்சளா இருக்கு? கறி அடுத்த வாரம் வாங்கிக்கலாம்லா. மொதல்ல டாக்டரைப் பாருங்க.”

கறி விற்கிறவர் கறி வேண்டாம் என்று சொன்னால் விஷயம் பெரிது என்று எனக்கே தெரிந்துவிட்டது. புக்கிட் பாத்தோக்கில் உள்ள வீட்டுக்குப் போவதற்குள் குளிர்க் காய்ச்சல் வந்து பல் தந்தியடித்தது. மகன் சாமுவேல் என்னை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண் வந்து, ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டாள். ஐந்து பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா அது? எதை வைத்து அளப்பது? இரண்டு என்றேன். இரண்டு என்று சொன்னதால் என்னை வெகுநேரம் நாற்காலியிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அந்த வீம்புக்குக் கூலி அது.

மறுநாள் டாக்டர் வந்து ஆங்கிலத்தில் விளக்கினார். மீசை முளைக்காத முகம். சாமுவேல் எனக்குத் தமிழில் சொன்னான். பித்தப்பையிலிருந்து குடலுக்குப் போகிற குழாய் அடைபட்டிருக்கிறது, பித்தம் போக வழியில்லாமல் இரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் கண் மஞ்சள், அதனால்தான் காய்ச்சல். அடைத்துக்கொண்டிருப்பது கல்லாக இருக்கலாம் என்றான். டாக்டர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். அதை மகன் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் ‘குரோத்’ என்ற சொல்லுக்கு எனக்கு யாரும் தமிழ் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எத்தனை பேர் அந்தச் சொல்லோடு போயிருக்கிறார்கள்! கல் அல்லது கட்டி. எது என்று தெரிய எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். மகன் கல்லை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கட்டியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நானும் தெரியாதவள் போலவே இருந்தேன். எங்கள் வீட்டில் அன்பு இப்படித்தான் நடக்கும்.

எம்ஆர்ஐ என்பது பெரிய காந்தக் குகை. உள்ளே தள்ளிவிட்டுத் தகரத்தைத் தட்டுவது போலச் சத்தம் போடுவார்கள். வலி இல்லை, மரியாதைதான் இல்லை. உள்ளே போகும் முன் உடம்பில் இருக்கும் உலோகம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். சிலுவை கோத்த என் தாலிச் சங்கிலியை சாமுவேல் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டான். மூக்குத்தி வரவில்லை. நாற்பது வருடமாக அசையாத திருகு. மலாய் மிஸ்ஸி ஒருத்தி, நர்ஸைத்தான் சொல்கிறேன், வந்து எண்ணெய் தடவி, “சக்கிட், மாச்சிக்?” என்று கேட்டுக் கேட்டுக் கழற்றினாள். வலிக்கிறதா என்று கேட்கும் அந்த ஒரு மலாய்ச் சொல்லில் இருந்த பரிவு அந்தப் பத்து எண்ணிலும் இல்லை.

என் பக்கத்துக் கட்டிலில் ராஜேஸ்வரி. ராஜி என்றே கூப்பிட்டேன். புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருப்பவள், பள்ளிக்கூடக் கேன்டீன் ஒன்றில் கடை போட்டிருந்தவள். அறுபதைத் தாண்டியும் வாய் ஓயாதவள். சர்க்கரை வியாதி. செருப்புக்குள் கிடந்த ஒரு சின்னக் கல் குத்தினது அவளுக்குத் தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி செத்துப் போயிருந்தது. புண் கறுத்து மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று சொல்லி நாள் குறித்திருந்தார்கள். அவளுக்கு இருதயமும் பலவீனம் என்பதால் அந்த மயக்க மருந்தைத் தாங்குவாளா என்று டாக்டர்களுக்கே சந்தேகம். அவள் பிள்ளைகள் வருவார்கள், காலைப் பற்றிப் பேச மாட்டார்கள். பந்து விளையாட்டு, பெட்ரோல் விலை, யார் வீட்டில் கல்யாணம் என்று பேசிவிட்டுப் போவார்கள்.

என் வீட்டுப் பிள்ளைகளையும் குறை சொல்லக் கூடாது. ஐம்பது வயது சாமுவேல், பஸ் ஓட்டுகிறவன், டூட்டி முடிந்து சீருடையோடு வந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டான். பின்னல் வலது பக்கமாகக் கோணிக்கொண்டு நின்றது. அவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தேன். பில்லைப் பற்றி அவனும் மருமகள் மெர்சியும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்ப் பேசுவார்கள். சத்தம் கேட்காது, முகம் தெரியுமே.

மெர்சி நல்ல பெண். ஆனால் சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்புக்குப் போகிறாள். அன்றாடப் பேச்சில் சுவிசேஷம் சொல்லப் பழக்குகிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரரோடு லிஃப்ட்டில் ஏறினால் முதலில் வெயிலைப் பற்றிப் பேச வேண்டும், வெயிலிலிருந்து வாழ்க்கைக்குப் போக வேண்டும், வாழ்க்கையிலிருந்து பரலோகத்துக்குப் போக வேண்டும். எல்லாம் பன்னிரண்டாம் மாடி வருவதற்குள். “நடுவுல யாராச்சும் ஏறிட்டா என்ன பண்ணுவே, திரும்ப வெயில்லேர்ந்து ஆரம்பிப்பியா?” என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என் பாட்டன் காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் எங்களுடையது. அந்த புளோக்கில் எத்தனையோ வருடம் குடியிருக்கிறேன். தீபாவளிக்கு வாங்கித் தின்றேன், கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தேன். இயேசுவைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை. அதுதான் மானமுள்ளவர்கள் நடந்துகொள்ளும் விதம் என்று இருந்தேன்.

எம்ஆர்ஐ முடிந்து முடிவுக்குக் காத்திருந்த நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது. அன்று காலையில் ராஜியின் அண்ணி சைனாடவுன் மாரியம்மன் கோயிலிலிருந்து திருநீறு கொண்டு வந்து ராஜிக்குப் பூசினாள். நான் காய்ச்சலில் அரைக்கண் மூடிக் கிடந்தேன். பாவம், இந்தத் தமிழம்மாவுக்கும் யார் இருக்கிறார்களோ என்று எனக்கும் சேர்த்துப் பட்டையாகப் பூசிவிட்டாள். கண்ணைத் திறந்தபோது அவள் கை என் நெற்றியில் இருந்தது. அன்பாக வந்த கையைத் தட்டிவிட என் தாய் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பிறகு ராஜியைக் காலின் இரத்தக் குழாய்களைப் படம் எடுக்கக் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது மிஸ்ஸிகள் முகம் துடைத்து, தாலி, பொட்டு எல்லாம் எடுத்து வெறும் நெற்றியோடு கொண்டுவந்து படுக்க வைத்தார்கள்.

ஆக, மாரியம்மனைக் கும்பிடுகிறவள் வெறும் நெற்றியோடு. மூன்று தலைமுறைக் கிறிஸ்தவச்சி பட்டையோடு.

சாயங்காலம் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஒரு பெண்ணைப் பார்க்க வேறு சபைக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். டை கட்டிய ஒரு ஆண், அவரோடு முப்பது வயதுப் பெண், பெயர் ஷீலா. அங்கே ஜெபம் முடித்துத் திரும்பும்போது ஷீலாவின் கண் என் நெற்றியில் விழுந்தது. கடைத்தெருவில் தள்ளுபடிப் பலகையைப் பார்த்தவள் போல அவள் முகம் மலர்ந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கேட்காமலேயே என் கையைப் பிடித்தாள்.

“ஆன்ட்டி, சாப்பிட்டீங்களா?”

தலைமாட்டில் எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதித் தொங்குகிறது.

“பட்டினி போட்டிருக்காங்க.”

“ஓ, ஓகே ஓகே. எத்தனை பிள்ளைங்க ஆன்ட்டி?”

“ஏழு.”

“வாவ்! அவங்கள நெனச்சா கவலையா இருக்கா?”

“அவங்கதான் என்னை நெனச்சுக் கவலைப்படணும்.”

அவள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் எதுவும் அவள் காதுக்குள் போகவில்லை. அடுத்த படிக்கு எப்போது ஏறலாம் என்று கால் தூக்கியபடியே இருந்தாள். மெர்சியின் லிஃப்ட்தான் இது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதற்குள் அவள் பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். வெறும் நெற்றி, வெறும் கழுத்து. உடனே கை கூப்பினாள்.

“ஸ்தோத்திரம் சிஸ்டர். நீங்களும் ஆன்ட்டிக்காக ஜெபிச்சுக்கோங்க.”

ராஜி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பக்தியாகச் சொன்னாள்: “டெய்லி ஜெபிக்கிறேன் சிஸ்டர். எங்க, மனசு எறங்கினாத்தானே?”

அந்தக் கழுதையை அப்போதே காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆனால் எனக்கும் ருசி தட்டிவிட்டது.

“ஆன்ட்டி, இயேசுன்னு கேள்விப்பட்டிருக்கீங்களா?”

“எங்கேயோ கேட்ட பேரா இருக்கு.”

டை கட்டியவர் தலையாட்டினார். அவர் வேலை தலையாட்டுவது மட்டும்தான் போல. ஷீலா குரலைத் தாழ்த்தினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. இன்னிக்கு ராத்திரியே நீங்க செத்துட்டா, எங்க போவீங்க?”

கல்லா கட்டியா என்று தெரியாமல் கிடக்கிற கிழவியைப் பார்த்துக் கேட்கிறாள். அவளுக்கு என் நோய் என்னவென்றுகூடத் தெரியாது. கேட்கவே இல்லையே.

“பேஸ்மென்ட்டுக்கு,” என்றேன்.

“ஹா?”

“பொணத்தை வைக்கிற ரூம் அங்கதானே இருக்கும்? லிஃப்ட்டுல எறக்குவாங்க.”

ராஜி போர்வையை வாயில் திணித்துக்கொண்டாள். கட்டில் குலுங்கியது. தலையாட்டி கல்லாய் நின்றுவிட்டார். ஷீலா மட்டும் அசரவில்லை. வகுப்பில் இதற்கும் பயிற்சி உண்டு போலிருக்கிறது. கையில் இருந்த கலர் மணி வளையலைக் காட்டி, கறுப்பு மணி பாவம், சிவப்பு மணி இரத்தம் என்று சொல்லி முடித்து, இருளில் இருக்கும் இந்த ஆன்ட்டியின் கண்களைத் திறந்தருளும் என்று என் நெற்றியில் கை வைத்து ஜெபித்தாள். கை எடுத்தபோது அவள் உள்ளங்கையில் பாதித் திருநீறு. போகும்போது, “தொடர்ந்து ஜெபிங்க சிஸ்டர்,” என்று ராஜியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு விலா எலும்புக்குக் கீழே வலித்தது, அப்படியும் சிரித்தேன். ராஜிக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. அவள் கரண்டியை எடுக்கவில்லை. அவளுக்கு மறுநாள் காலை ஆபரேஷன்.

“பாக்கியக்கா,” என்றாள்.

“என்னடி?”

“அந்தக் கேள்வி நல்ல கேள்விக்கா.”

“எது? அந்தப் பைத்தியம் கேட்டதா?”

“பைத்தியமோ என்னமோ. என் புள்ளைங்க யாரும் ‘செத்துட்டா’ன்ற வார்த்தையை வாயில எடுக்கல. டாக்டர் ரிஸ்க்குன்னு சொல்றாரு. அண்ணி ஆத்தா பார்த்துக்குவான்னு சொல்லிட்டு பஸ்ஸைப் புடிக்க ஓடுறா. ஒருத்தியாவது நேரா கேட்டா பாருங்க. ஆனா என்னைக் கேக்கல, உங்களைக் கேட்டா.”

“உன்னைக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?”

“தெரியலன்னு சொல்லியிருப்பேன். பயமா இருக்குன்னு சொல்லியிருப்பேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் விடவில்லை.

“காலையில உங்க ஒதடு முணுமுணுங்குது. நான் தூங்கற மாதிரி பார்த்துட்டு இருப்பேன். இத்தனை நாள் பக்கத்துலேயே கெடக்கேன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே. ஏன்க்கா, நான் அதுக்கு லாயக்கில்லையா?”

“நாங்க தெருவுல கூவி விக்கிறவங்க இல்ல.”

“கூவ வேணாம்லா. நான் கேக்கிறேன். நீங்க செத்தா எங்க போவீங்க? பேஸ்மென்ட்டு கதை வேணாம். நெஜமா சொல்லுங்க.”

மூன்று தலைமுறை, முழுப் பாட்டுப் புத்தகம், ஞாயிறு தவறாத கோயில். வாயைத் திறந்தால் ஒரு வசனம் வரவில்லை. என்னிடம் மணி வளையலும் இல்லை. இந்தப் பெண் காலை வெட்டக் கொடுக்கப் போகிறாள், திரும்பி வருவாளோ மாட்டாளோ. இப்போது நான் வாயை மூடிக்கொண்டால், ஷீலாவைவிட நான் எதில் உசத்தி? நினைவுக்கு வந்ததைச் சொன்னேன்.

“எனக்குப் பதினெட்டு வயசு. அப்பா செத்துட்டாரு. அம்மா செகாமாட்டுல என்னை ரயில் ஏத்திவிட்டா. சிங்கப்பூரைப் பார்த்ததில்ல. கூட வந்த பொம்பளைங்க எல்லாம், பெரிய ஊரு, தொலைஞ்சு போயிடுவே, எங்க எறங்குவே, எங்க போவேன்னு என்னைப் பயமுறுத்தினாங்க. நான் வழி முழுக்கத் தூங்கிட்டு வந்தேன்.”

“தூங்கினீங்களா?”

“ஆமா. ஊரு தெரியாது. வீடு தெரியாது. ஆனா தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல எங்கண்ணன் நிப்பான்னு தெரியும். எடம் தெரியாட்டி என்ன, ஆளைத் தெரியுமே. செத்தாலும் எனக்கு அவ்வளவுதான் தெரியும் ராஜி. எடம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நிக்கிறவரைத் தெரியும்.”

அவள் என் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள்.

“உங்கண்ணன் வந்து நின்னாரா?”

“நின்னான். மழை. ஒரே ஒரு கொடை. அதையும் எனக்குப் புடிச்சுட்டு அவன் நனைஞ்சான்.”

“எனக்கு உங்காளைத் தெரியாதேக்கா.”

“அவருக்கு உன்னைத் தெரியும். இருந்தாலும் உன் பேரைச் சொல்லி வைக்கிறேன்.”

“ஆத்தா கோவிச்சுக்குவாளோ?” என்று அவளே கேட்டு, அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். “ரெண்டு பேரும் வந்து நிக்கட்டும். எனக்கு ஒத்தக் காலு, தாங்கிப் பிடிக்க ரெண்டு பேர் வேணும்.”

ஐக்கியத்துப் பெண்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுளிக்கட்டும். நாளை காலை வெட்டுக்குப் போகிறவளோடு அவர்கள் வந்து வாதாடியிருக்கலாமே. அவர்கள் வந்தார்கள்தான். இரண்டு பாட்டுப் பாடி, எனக்கு வந்த திராட்சையை உரித்துத் தின்றுவிட்டு, விசிட்டிங் நேரம் முடிந்துவிட்டது என்று போனார்கள்.

காலையில் ராஜியைத் தள்ளிக்கொண்டு போகும்போது என் கட்டில் பக்கம் கை நீட்டினாள்.

“சொல்லி வெச்சாச்சா?”

“சொல்லியாச்சு. போ.”

அவளை அனுப்பிவிட்டு நான் போர்வைக்குள் உதடு அசைத்துக்கொண்டிருந்தபோது மீசையில்லாத டாக்டர் வந்தார். கல்தான் என்றார். சாமுவேல் அதை முழுசாக மொழிபெயர்த்தான், இரண்டு தரம் மொழிபெயர்த்தான். மத்தியானம் எனக்கு மயக்க ஊசி போட்டு, விளக்கு வைத்த ஒரு குழாயை வாய் வழியாக இறக்கி, பித்தக் குழாயின் வாயைச் சிறிது கீறி, கல்லைச் சின்ன வலையில் பிடித்து எடுத்தார்கள். கண் விழித்தால் தொண்டையில் மட்டும் எரிச்சல். மெர்சி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு அழுதாள். “அழாத, வெயிலைப் பத்திப் பேசு,” என்றேன். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. மிஸ்ஸியைக் கேட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவு என்றாள். மறுநாளும் காலி. கல் போன சந்தோஷம் எனக்கு உள்ளே இறங்கவில்லை. குடிக்கக் கொடுத்த மிலோ ஆறிப்போய்க் கிடந்தது. ஜெபத்தில் என் பெயரை ஒருமுறை சொன்னேன் என்றால் அவள் பெயரை ஒன்பது முறை சொன்னேன்.

அதற்கு அடுத்த நாள் ராஜியைக் கொண்டுவந்தார்கள். போர்வை ஒரு பக்கம் பாதியிலேயே தட்டையாக இருந்தது. முகம் சுண்ணாம்பு போல. நெற்றி வெறுமை. என்னைப் பார்த்ததும் உதட்டைக் கோணினாள்.

“யாரும் நிக்கலக்கா. ஒரே இருட்டு.”

“நீ எறங்க வேண்டிய ஸ்டேஷன் இன்னும் வரலடி. வந்தாத்தானே நிப்பாரு?”

சிரித்தாள், உடனே முனகினாள். “சிரிக்க வைக்காதீங்க. இல்லாத காலு வலிக்குது.”

வெட்டி எடுத்த கால் வலிப்பது உண்மைதானாம். மூளைக்குச் செய்தி போய்ச் சேர நாளாகும் என்று டாக்டர் சொன்னார்.

ஐக்கியத்தார் இப்போது கேட்கிறார்கள், ஆஸ்பத்திரியில் எத்தனை ஆத்துமாவுக்குச் சாட்சி சொன்னீர்கள் என்று. தலை எண்ணுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ராஜி இன்றைக்கும் திருநீறுதான் பூசுகிறாள். மாதம் ஒரு முறை நான் புக்கிட் பாஞ்சாங் போகிறேன். பயமாக இருக்கும் நாளில் அவளே கேட்கிறாள், நான் சொல்கிறேன். அந்த ஷீலாவை நான் இப்போதும் மதிக்கவில்லை. ஆனால் அவள் கேள்வியைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அது எங்கள் வார்டிலேயே தங்கிவிட்டது.

இவ்வளவுதான். இது சபைக்குப் போகும் முன் ராஜி கேட்க வேண்டும். அவள் சரி என்றால்தான் கொடுப்பேன். ஜெனி, அவளுக்குப் போன் போடு, ஸ்பீக்கரில் வை. எடுத்துவிட்டாளா? இப்போது ‘எனக்கு வயது எழுபத்தெட்டு’ என்று இருக்கும் பார், அங்கிருந்து வாசி. மெதுவாக. ஸ்டேஷன் வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்து. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும்.